ஏழரை

ஊருக்கு ஏழரை என்றால் சனி.
எங்களுக்கு அது அண்டி ஆபீஸ் சங்கு.

விடியுமுன் மூன்றரைக்கு வில்சன்
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குவார்.
முந்நூறு ரப்பர் மரம் வெட்டி
சிரட்டை சிரட்டையாகப் பால் எடுத்து
உறை ஊற்றி வீடு சேரப் பதினொன்று.
நான் ஏழரைக்குப் போனால் ஐந்துக்கு.
நடுவில் கிடக்கிறது
ஆள் இல்லாத மூன்றரை மணிக்கூர்.

முன்பு அது கிடந்ததே தெரியாது.
சின்னவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்
ஆபீஸ் பின்னால் தொட்டில் ரூமில் விட்டால்
லீலாபாய் மூக்கைத் துடைத்து வாங்கிக்கொள்வாள்.
பெரியவன் பொன்மனைப் பள்ளிக்கூடத்துக்கு
ஓடையில் கல் எறிந்தபடி நடந்துபோவான்.
இரண்டு கதவும் ஒரே வாரத்தில் அடைத்தார்கள்.

பிறகு ஆபீஸைத் திறந்தார்கள்.
தொட்டில் ரூமைத் திறக்கவில்லை.
"கூட்டம் கூடப்பிடாதாம்" என்றார் மேஸ்திரி,
எண்பது பெண்கள் உட்கார்ந்து தொலி உரிக்கிற
ஷெட்டின் நடுவில் நின்று.

முதல் வாரம் அடுத்த வீட்டு மேரிபுஷ்பம் பார்த்தாள்.
இரண்டாம் வாரம் அவள் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல்,
ஆசாரிபள்ளம் கொண்டுபோனார்கள்.
வாசலை மறைத்துத் தகரம் அடித்தார்கள்.
ஆணி அறைகிற சத்தத்துக்குச்
சின்னவள் கை தட்டினாள்.

மூன்றாம் வாரம் இரண்டு பேரையும்
தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்.
தார்ப்பாயில் உறங்கியவள் காலில் மூன்று அட்டை.
உப்பு வைத்து எடுத்துவிட்டு
என்னிடம் சொல்லவில்லை அவர்.
ராத்திரி அவள்தான் காட்டினாள், மூன்று பொட்டு.

அதற்குப் பிறகு யாரும் எதையும் தீர்மானிக்கவில்லை.
ஒரு காலையில் நான் வெளியே நின்றேன்,
கையில் பூட்டு இருந்தது.

"மக்களே, அடுப்புப் பக்கம் போகப்பிடாது.
போன் ஒனக்கு கிளாசுக்கு.
அவ அழுதா மட்டும் பாட்டு வச்சுக் குடு."
"செரி" என்றான் ஒன்பது வயதுக்காரன்,
எனக்கு மூத்தவனைப் போல.

அன்றைக்கு என் தட்டில் முழுப்பருப்பைவிடத்
துண்டுதான் அதிகம். கூலியில் பிடித்தார்கள்.
தீப்பெட்டி, பாம்பு, மண்ணெண்ணெய் என்று
கிலோ கிலோவாக உரித்துக்கொண்டிருந்தேன்.
விரலில் அண்டிக்கறைக்கு மேலே
சாவியின் நெடி.

ஒரு செவ்வாய்க்கிழமை
எங்கள் வரிசையில் ஒருத்திக்குச் சாயாவின் ருசி தெரியவில்லை.
பத்து மணிக்கே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள்.
பூட்டைத் தொடுமுன்
ஜன்னல் வழியே பார்த்தேன்.

கரண்டியால் தட்டில் மணி அடித்தான் அஜிஷ்.
சுவரோரம் வரிசையாகச் சிரட்டைகள்.
சின்னவள் பாயில் கால் நீட்டி இருந்தாள்.
நோட்டைத் திறந்தான்.
"ஜெர்லின்?"
"உள்ளேன் சாரே."
"அஜிஷ்?" தானே கேட்டு, தானே உள்ளேன்.
"வில்சன்?"
சிரட்டை பேசவில்லை.
"ஸ்டெல்லா?"
சின்னவள் கை தூக்கினாள்:
"அது அண்டி ஆபீஸ் போச்சு சாரே."
சிவப்பு மையில் ஒரு சுழி போட்டான்.

சாயங்காலம் அந்த நோட்டைப் புரட்டினேன்.
இருபத்திரண்டு நாள்.
ஞாயிற்றுக்கிழமையிலும் எனக்குச் சுழி.
"ஞாயித்துக்கிழமெ நான் இருந்தேனே, மக்களே?"
"இருந்திய.
ஒறங்கிட்டுல்லா இருந்திய."

ஐந்து நாள் கழித்து மறுபடி சங்கு.
கொண்டியில் பூட்டை மாட்டினேன்.
அமுக்கவில்லை. சும்மா தொங்கவிட்டேன்.
அது நல்லதா கெட்டதா என்று
இன்றைக்கு வரை தெரியாது.
படி இறங்கும்போது பின்னால்
தட்டில் கரண்டி விழுந்தது.
"ஜெர்லின்?"
"உள்ளேன் சாரே."
காதை அங்கேயே வைத்துவிட்டு நடந்தேன்.
என் பேர் வருமுன்
ரோட்டு வளைவு வந்துவிட்டது.